வருங்கால வெள்ளமும் வறட்சியும்: கணிப்பொறி தரும் கணக்கு

பட்டம் பார்த்து விதைப்பது தமிழக விவசாயிகளின் நெடுங்கால வழக்கம். ஆடியில் எதை விதைப்பது, சம்பா நாற்றை எப்போது பறித்து நடுவது, ஐப்பசி மழைக்கு முன் எந்த வாய்க்காலைத் தூர் எடுப்பது என்பனவெல்லாம் பல தலைமுறைகள் கண்ட மழையை வைத்து வகுக்கப்பட்டவை. இனி வரும் மழையும் முன்பு பெய்த மழையைப் போலவே இருக்கும் என்பதே இவற்றுக்கு அடிப்படை. அந்த அடிப்படை இப்போது ஆட்டம் கண்டுள்ளது.

2016ஆம் ஆண்டில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய சராசரி மழையைவிட இது அதிகம். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். இந்தக் கணக்கின்படி அங்கு ஒவ்வோர் ஏக்கரிலும் ஒரே நாளில் 38 இலட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்தது. எந்த வரப்பும் மடையும் இதைத் தாங்குவது கடினம்.

இத்தகைய வறட்சியும் வெள்ளமும் இனி அடிக்கடி வருமா? எந்த வட்டாரத்தில் எது மிகும்? இவற்றை அறிய விஞ்ஞானிகள் கையாளும் சாதனமே ‘வட்டாரத் தட்பவெப்ப மாதிரி’. இதன் விவரத்தைத் தெரிந்துகொண்டால், அது சொல்வதில் எதை நம்பலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விவசாயிகளுக்கு விளங்கும்.

மாதிரி என்பது என்ன?

மாதிரி என்றதும் மண்ணாலோ மரத்தாலோ செய்த பொருள் என்று எண்ண வேண்டாம். இது முழுக்க முழுக்கக் கணக்கு. பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தைப் பாத்தி கட்டுவதுபோலப் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்றின் வேகம், அழுத்தம், ஈரப்பதம் எவ்வளவு என்று குறிக்கிறார்கள். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் பாய்வதுபோல, ஒரு கட்டத்துக் காற்றும் ஈரமும் அடுத்த கட்டத்துக்குச் செல்வதை இயற்பியல் விதிகளின்படி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டே போகிறார்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் என்பவர் இந்த முறையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்து 1922இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேர வானிலைக்காக அவர் போட்ட கணக்கின் விடை தவறாக வந்தது. ஆனால் வழி சரியானது. 1950இல் அமெரிக்காவில் கணிப்பொறியின் உதவியால் இதே வழியில் வானிலை கணிக்கப்பட்டது. பின்னர் மனாபே என்ற விஞ்ஞானி, கரியமில வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்பதை 1960களில் இத்தகைய மாதிரி கொண்டு கணக்கிட்டார். 2021ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

வலைக்கண் பெரிதானால்...

உலகம் முழுவதற்கும் போடும் கணக்கில் ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கி.மீ. அல்லது அதற்கும் மேல் இருக்கும். வலைக்கண் பெரிதானால் சிறு மீன் நழுவிவிடும் அல்லவா? அதுபோல, இவ்வளவு பெரிய கட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமும் சரிவும் சரியாகப் பதிவதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கி.மீ.தான். அதன் வழியே வரும் காற்றை நம்பியிருக்கும் கொங்கு நாட்டின் தட்பவெப்பத்தைப் பெரிய கட்டம் காட்டாது. மலையின் ஒரு பக்கம் அடைமழையும் மறுபக்கம் மழை மறைவும் இருப்பதையும் அது ஒன்றாகக் கலந்து சராசரியாக்கிவிடும்.

இக்குறையைத் தீர்க்க, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் சிறு கட்டங்கள் அமைத்துக் கணக்கிடும் முறையை டிக்கின்சன், ஜியார்ஜி முதலிய விஞ்ஞானிகள் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் செய்து 1989இல் வெளியிட்டனர். உலக மாதிரி ஆறு என்றால் வட்டார மாதிரி கிளை வாய்க்கால். வட்டாரத்தின் எல்லையில் எவ்வளவு காற்றும் ஈரமும் நுழைகின்றன என்பதை உலக மாதிரி சொல்லும். உள்ளே நுழைந்தபின் மலை, கடற்கரை, நிலம் இவற்றுக்கு ஏற்ப அது எப்படிப் பிரிகிறது என்பதை வட்டார மாதிரி கணக்கிடும்.

உலகம் முழுவதற்கும் சிறு கட்டம் போடக் கூடாதா என்று கேட்கலாம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு கூடும். நூறு ஆண்டுகளுக்கு அப்படிக் கணக்கிடப் பெரும் கணிப்பொறிகளும் நீண்ட காலமும் தேவை.

இங்கிலாந்தின் ஹாட்லி மையம் உருவாக்கிய ‘பிரிசிஸ்’ என்ற வட்டார மாதிரியை, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நம் நாட்டுக்குப் பயன்படுத்தியது. சென்னை அண்ணா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் இதைக் கொண்டு தமிழகத்துக்கு 25 கி.மீ. கட்டங்களில் கணக்கிட்டனர்.

கணக்கு சொல்வது என்ன?

அண்ணா பல்கலைக்கழகக் கணக்கின்படி, 1970 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிடுகையில், தமிழகத்தின் பகல் வெப்பம் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சராசரியாக 2.2 டிகிரியும், இறுதிப்பகுதியில் 3.1 டிகிரியும் கூடும். இரவு வெப்பம் முறையே 2.4, 3.5 டிகிரி கூடும். பகலைவிட இரவு அதிகம் சூடேறுகிறது என்பதை நெல் விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆண்டு மழையின் மொத்த அளவில் பெரிய மாறுதல் இல்லை. சிறிதளவே குறையும் என இக்கணக்கு காட்டுகிறது.

மொத்த அளவு பெரிதும் மாறாவிட்டால் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. மழை எப்படிப் பெய்கிறது என்பதே முக்கியம். காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். மேகம் கூடும்போது அது ஒரே மூச்சில் கொட்டும். இடையில் காய்ச்சல் நாட்கள் நீளும்.

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை இதை உறுதி செய்கிறது. மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 செ.மீ.க்கு மேல் பெய்யும் கனமழை 1950 முதல் 2015க்குள் சுமார் 75 சதவீதம் பெருகியது. அதே சமயம், தென்மேற்குப் பருவத்தில் மழையின்றிக் காயும் இடைவெளிகள் 1951–1980 காலத்தைவிட 1981–2011இல் 27 சதவீதம் கூடின. கரியமில வாயு கட்டுப்பாடின்றிப் பெருகினால், நூற்றாண்டின் இறுதியில் நாட்டில் கோடைக்கால வெப்ப அலைகள் மூன்று முதல் நான்கு மடங்காகும் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

எந்த அளவு நம்பலாம்?

மாதிரியை முதலில் கடந்த காலத்தில் சோதிக்கிறார்கள். முப்பது ஆண்டு மழையை அதைக் கொண்டு கணக்கிட்டு, மழைமானிகள் பதிந்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். விலகல் இருந்தால் அதற்கேற்பத் திருத்துகிறார்கள். ஒரே மாதிரியை நம்பாமல் பலவற்றை ஓட்டிப் பார்க்கிறார்கள். பல மாதிரிகள் ஒரே திசையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். வெப்பம் கூடும் என்பதில் எல்லா மாதிரிகளும் ஒத்துப்போகின்றன. மழையின் அளவில் அவை வேறுபடுகின்றன.

ஆற்றில் கலங்கல் வந்தால் வாய்க்காலிலும் கலங்கல்தான். உலக மாதிரியில் உள்ள பிழை வட்டார மாதிரியிலும் இறங்கும். மேலும், கரியமில வாயு இனி எவ்வளவு வெளியேறும் என்பது மனிதர்களின் செயலைப் பொறுத்தது. ஆகவே இது ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்ற கணக்கே தவிர, ஜோசியம் அன்று.

2050இல் எந்தத் தேதியில் மழை வரும் என்று இந்த மாதிரி சொல்லாது. வயலில் ஒரு குறிப்பிட்ட தூரில் எத்தனை மணி பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது; ஆனால் அந்த ரகம் ஏக்கருக்குச் சராசரியாக எவ்வளவு காணும் என்று சொல்லிவிடலாம். அதைப் போன்றதே இது. இந்த ஆண்டு விதைப்புக்கு வானிலை நிலையத்தின் அன்றாட, வாராந்தர முன்னறிவிப்பையே பார்க்க வேண்டும். கிணறு, பண்ணைக்குட்டை, வடிகால், மரப்பயிர் போன்ற பல்லாண்டு முதலீடுகளுக்கே மாதிரியின் கணக்கு உதவும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வடிகால்: பாசன வாய்க்காலுக்குக் காட்டும் அக்கறையை வடிகாலுக்கும் காட்ட வேண்டும். பல மதகுகளும் சிறு பாலங்களும் பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டியவை. ஒருவர் வயலை மட்டும் வடித்தால் அடுத்தவர் வயல் மூழ்கும். எனவே ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி, புதிதாகக் கட்டும் மதகு, பாலங்களின் அகலம் போதுமா என்பதைக் கிராம சபையில் கேட்க வேண்டும்.

2. ரகத் தேர்வு: தண்ணீர் தேங்கும் பள்ளக்கால்களில் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப்-1 ரகம் ஏற்றது. வளர்ச்சிப் பருவத்தில் பயிர் முழுதும் மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் வரை தாங்கும். பூத்தபின் மூழ்கினால் இந்தத் தன்மை உதவாது.

3. பூக்கும் தருணம்: நெல் பூக்கும்போது வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். இரவு வெப்பமும் மகசூலைக் குறைக்கும். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது மகசூல் 10 சதவீதம் குறைந்ததை 2004இல் கண்டறிந்தனர். கோடை நெல் பயிரிடுவோர், கடும் வெயிலில் பூ வராதபடி வயதுக்கு ஏற்ற ரகத்தையும் நடவு நாளையும் வேளாண் அலுவலரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

4. பண்ணைக்குட்டை: மானாவாரி நிலத்தில் கொட்டும் மழையைத் தேக்கிவைத்தால், அடுத்து வரும் காய்ச்சலில் ஓர் உயிர்த்தண்ணீர் விடலாம். மேலே கண்டபடி, ஒரு செ.மீ. மழையே ஏக்கருக்கு 40,000 லிட்டர். அதில் ஒரு பகுதி தேங்கினாலும் பயிர் பிழைக்கும்.

5. காப்பீடு: கெடு தேதிக்கு முன்பே பிரீமியம் செலுத்தி, ரசீதையும் அடங்கல் நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். வானம் இருண்டபின் ஓடினால் பயனில்லை.

6. மழைப் பதிவு: ஊருக்கு ஒரு மழைமானி வைத்து, காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வரலாம். பத்தாண்டு பதிவு இருந்தால் தங்கள் ஊரில் கனமழையும் காய்ச்சலும் கூடுகின்றனவா என்பதை விவசாயிகள் தாங்களே அறியலாம். கணிப்பொறியின் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கவும் அந்த நோட்டே உதவும்.