கறுப்புத் திரையில் ஒரு பள்ளிப் பலகை

திருப்பூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவரின் வீட்டில் கைபேசி உண்டு என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கைபேசி காலையில் அப்பாவோடு பனியன் கம்பெனிக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. பிறகு தம்பிக்குப் பாட்டு, அம்மாவுக்கு ஊர்ப் பேச்சு. பிள்ளையின் கைக்கு வரும்போது மிச்சமிருப்பது பத்து சதவீத சார்ஜும் விரலால் தள்ளிப் பார்க்கும் சில காணொலிகளும் மட்டுமே. எங்கள் பள்ளியில் பலர் இணையத்தைப் 'பார்க்கிறார்கள்'. அதில் நான்கு வரி எழுதியவர்கள் மிகக் குறைவு.

நான் கணினி பயிற்றுநர். மேல்நிலை வகுப்புகளுக்குப் பைத்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டும், அது பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும், செலவு ஏதும் ஆகக் கூடாது என்று தேடியபோது கிடைத்தது மிகப் பழைய ஒரு வழி. அதன் பெயர் புல்லட்டின் போர்டு சிஸ்டம், சுருக்கமாக பி.பி.எஸ். மின் அறிவிப்புப் பலகை எனலாம்.

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் பனிப்புயலில் முடங்கிக் கிடந்தது. வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு கணினி ஆர்வலர்கள் தங்கள் கணினிக் கழகத்தின் அறிவிப்புப் பலகையைக் கணினிக்குள் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார்கள். ஒருவர் மென்பொருள் எழுத, மற்றவர் வன்பொருளைக் கோர்த்தார். பிப்ரவரி 16 அன்று அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. வீட்டில் ஒரு கணினி, அதோடு ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவுதான் அமைப்பு. வெளியே இருப்பவர் தன் கணினியிலிருந்து அந்த எண்ணை அழைத்து, பலகையில் உள்ளதைப் படித்து, தன் செய்தியை எழுதிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார். அடுத்தவர் அதன் பிறகுதான் உள்ளே வர முடியும்.

இந்தியாவிலும் இது நடந்தது. பொதுமக்களுக்கான இணைய சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1980களின் இறுதியில், பெங்களூருவில் அதுல் சிட்னிஸ் 'சிக்ஸ்' என்ற பலகையை நடத்தினார். மும்பையில் 'லைவ் வயர்' என்ற பலகை இருந்தது. நம் நாட்டில் லினக்ஸ் பரவக் காரணமானவர்களில் சிட்னிஸும் ஒருவர். 1996இல் பி.சி. குவெஸ்ட் இதழ் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகடு வழங்கிய முயற்சியில் அவர் பங்கு பெரிது. தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கிடைத்த ஒரே இணைப்பை ஊருக்குப் பொதுவாக விட்டவர்கள் இந்தப் பலகைக்காரர்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது தொழில்நுட்பம் அல்ல. "யாராச்சும் போன் பண்ணீட்டே இருந்தா அவங்க வீட்டுல எப்படிங்க சார் பேசுவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் பலகை தொலைபேசியில் ஓடவில்லை. ஆய்வகத்தில் ஓரங்கட்டப்பட்டிருந்த ஒரு பழைய மேசைக்கணினி, 2 ஜிபி நினைவகம் கொண்டது. அதில் டெபியன் லினக்ஸ் நிறுவினோம். திரைகூட நிரந்தரமாகத் தேவையில்லை. அதையும் நான்கு மடிக்கணினிகளையும் ஒரு சிறு ரவுட்டர் வழியாக இணைத்தோம். ரவுட்டருக்கு இணைய இணைப்பு தரவில்லை. இது முக்கியம். பிள்ளைகள் எழுதும் ஒரு சொல்கூடப் பள்ளிச் சுவரைத் தாண்டாது. வெளியிலிருந்து எவரும் உள்ளே வரவும் முடியாது. பெற்றோரிடம் இதைச் சொல்லி ஒப்புதல் பெறுவது எளிதாக இருந்தது.

மென்பொருளுக்கு இரண்டு வழி உண்டு. சின்க்ரோநெட், மிஸ்டிக் போன்ற பலகை மென்பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. சின்க்ரோநெட்டை ஒரு நாள் நிறுவிக் காட்டினேன். நிறுவியதும் பட்டியல், விளையாட்டு, கோப்புப் பகுதி எல்லாம் தயாராக வரும். ஆனால் அந்த மரபு முழுக்க 80 நெடுவரிசைத் திரைக்கும் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்குக்கும் உருவானது. தமிழில் எழுதித் திருத்துவது எங்கள் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருந்தது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து பைத்தானில் நாங்களே ஒரு பலகை எழுதினோம். நூறு வரிகளைச் சற்றே தாண்டியது. பைத்தானோடு வரும் சாக்கெட் சர்வர் நூலகம் இணைப்புகளைக் கவனித்துக்கொள்கிறது. செய்திகளை எஸ்.கியூ.லைட் தரவுத்தளம் சேமிக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி இழை ஓடுகிறது. இருவர் ஒரே நொடியில் செய்தி பதிந்தால் தரவுத்தளம் மறுத்துவிடக் கூடும் என்பதால் எழுதும் இடத்தில் ஒரு பூட்டு வைத்தோம். 'ஒரு மெஷின்ல ஒரு டெய்லர்' என்று ஒரு மாணவி அதற்கு விளக்கம் சொன்னாள். பாடநூலில் அதைவிட எளிய விளக்கம் இல்லை.

மடிக்கணினியில் முனையத்தைத் திறந்து, டெல்நெட் என்று எழுதி, கணினியின் முகவரியையும் 2323 என்ற வாயில் எண்ணையும் கொடுத்தால் பலகை திறக்கும். (1024க்குக் கீழுள்ள வாயில்களுக்கு நிர்வாக உரிமை வேண்டும். அதனால்தான் வழக்கமான 23ஐ விட்டு இதைத் தேர்ந்தோம்.) கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சுட்டி வேலை செய்யாது, படம் இல்லை, விருப்பக்குறி இல்லை.

டெல்நெட்டில் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இன்றி அப்படியே கம்பியில் போகும். அதைக் குறையாக மட்டும் பார்க்காமல் ஒரு பாடவேளை முழுக்க அதற்கே கொடுத்தேன். வயர்ஷார்க் என்ற மென்பொருளால் என் கடவுச்சொல்லையே பிடித்துத் திரையில் காட்டினேன். வகுப்பில் சத்தமே இல்லை. வீட்டுக் கைபேசியின் கடவுச்சொல்லை இங்கே பயன்படுத்தாதீர்கள் என்று அதன் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப்பெயரில் ஒரு கணக்கு

தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் இந்தப் பலகைக்குள் வந்தது 'திருப்பூர்' என்ற சொல்லால். கையால் எழுதினால் இதில் ஐந்து எழுத்து: தி, ரு, ப், பூ, ர். யுனிகோடில் எண்ணினால் பத்துக் குறியீடுகள். தி என்பது த, அதன்மேல் இகரக் குறி. ப் என்பது ப, அதன்மேல் புள்ளி. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். ஆக ஊர்ப்பெயருக்கு 30 பைட். சிகாகோ பலகையின் காலத்து மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. ஒரு பைட்டோடு தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்து 10 பிட் ஆகும் என்பதால் அது நொடிக்கு 30 பைட். நம் ஊர்ப்பெயர் போய்ச் சேரச் சரியாக ஒரு நொடி.

பிறகு கணக்கைப் பெரிதாக்கினோம். கைபேசியில் எடுத்த 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு படம் இதே மோடத்தில் போக எத்தனை நேரம்? ஒரு லட்சம் நொடி. அதாவது 27 மணி 46 நிமிடம் 40 நொடி. நொடியை மணியாக மாற்றும் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று தாங்களாகவே மூன்று முறை சரிபார்த்தார்கள். விடை அவ்வளவு பெரிதாக வரும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

தமிழாசிரியர் பார்த்தது வேறொன்று. 'தி' என்று தட்டிவிட்டு ஒருமுறை அழித்தால் எழுத்து போகாது, 'த' மிஞ்சும். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் கணினி அதைக் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. சில முனையங்களில் கொம்பு தவறான இடத்தில் போய் விழுவதன் காரணம் இதுதான். கான்சோல் என்ற முனையத்தில் எங்களுக்கு ஓரளவு சரியாகத் தெரிந்தது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் விளக்குகிறோம். இங்கே பிள்ளைகள் அதை அழித்து அழித்துப் பார்த்தார்கள். தட்டச்சுக்குத் தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையையே பழக்கினோம். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். இரண்டு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

பலகையை நடத்துவது

நிறுவுவது ஒரு வார வேலை. நடத்துவதுதான் வேலை என்று பழைய பலகைக்காரர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பலகையின் பொறுப்பாளரை அவர்கள் 'சிஸ்ஆப்' என்றார்கள். எங்களிடம் வாரம் இருவர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள், ஒருவர் ஒன்பதாம் வகுப்பு, ஒருவர் பதினொன்றாம் வகுப்பு. மதிய இடைவேளையிலும் பள்ளி முடிந்து முக்கால் மணி நேரமும் பலகை திறந்திருக்கும். ஒருவருக்கு 15 நிமிடம். முடிந்ததும் நிரலே வணக்கம் சொல்லி வெளியே அனுப்பிவிடும். இந்த நேரக் கட்டுப்பாடு எழுத்தை மாற்றியது. வரிசையில் நிற்கும்போதே என்ன எழுதுவது என்று யோசித்துத் தாளில் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. எது யாருடையது என்ற பட்டியல் தலைமையாசிரியரிடமும் என்னிடமும் மட்டும் இருக்கிறது. இது பிள்ளைகளுக்கும் தெரியும். முற்றிலும் அடையாளமற்ற இடத்தைப் பள்ளியில் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பலகையில் மூன்று பகுதிகள். பாடச் சந்தேகப் பகுதியில் கூட்டம் குறைவு. அதிகம் நிறைந்தது 'சொல் மூட்டை'. வீட்டில் கேட்கும் தொழில் சொற்களை அதில் பதிகிறார்கள். கைமடி, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், பவர்டேபிள், காஜா, செக்கிங், செகண்ட்ஸ், காதர்பேட்டை சரக்கு. 'கைமடி' என்றால் துணியை மடித்துக் கொடுக்கும் ஆள் என்று ஒருவர் எழுத, டெய்லருக்கு உதவியாக இருந்து பிசிறு வெட்டுவதும் கைமடி வேலைதான் என்று இன்னொருவர் திருத்த, தன் அம்மா அந்த வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருப்பதாக மூன்றாமவர் எழுதினார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மாணவர் அதே சொற்களுக்குத் தன் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வகுப்பில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பலகையில் எவரும் உடனே பதில் கேட்டு நிற்பதில்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

அவருடைய தமிழைக் கேலி செய்து ஒரு செய்தி வந்தது. அந்த வாரப் பொறுப்பாளர்களிடம் முடிவை விட்டேன். ஒருவர் அழிக்கலாம் என்றார். மற்றவர், அழித்தால் எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது என்றார். கடைசியில் செய்தியை மறைத்து, எழுதியவரை அழைத்துப் பேசி, ஒரு வாரத்துக்குச் சொல் மூட்டையில் வரும் ஒடியாச் சொற்களைச் சரிபார்க்கும் பொறுப்பை அவருக்கே தந்தார்கள். கேட்டு எழுத வேண்டியது யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை. நான் தலையிட்டிருந்தால் ஐந்து நிமிட அறிவுரையோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது பகுதியின் பெயர் 'சாரிடம் கேள்'. இதில் பதியும் கேள்வியைப் பொது இடத்தில் காட்டாமல் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பவும் வழி வைத்திருக்கிறோம். அதில் ஒருநாள் இப்படி வந்தது: "எனக்கு 14 முடிஞ்சுதுங்க சார். செக்கிங் வேலைக்குப் போனா தப்பா?" எழுதியவர் ஒன்பதாம் வகுப்பு. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வரைதான். சட்டம் பிடியைத் தளர்த்தும் அதே வயதில்தான் நம் ஊரில் வேலை கூப்பிடுகிறது. அந்தப் பிள்ளை கேட்டது சட்டக் கேள்வி அல்ல, வீட்டில் கடன் இருக்கிறது என்பதை எழுதும் ஒரு வழி.

பலகையில் நான் எழுதிய பதில் இரண்டு வரிதான்: தப்பில்லை என்று சொல்ல மாட்டேன், நாளை இடைவேளையில் என்னைப் பார். வகுப்பாசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் உடன் வந்தார், அவரே ஒரு கம்பெனியில் டெய்லர். கடன் தவணையைத் தள்ளிப் போட அவர் பேசிய பேச்சை நாங்கள் பேசியிருக்க முடியாது. மாணவர் இப்போது பள்ளிக்கு வருகிறார். சனிக்கிழமை பள்ளி இருந்தால் மட்டும் வராமல் போகிறார். எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். பேச்சு இன்னும் முடியவில்லை.

பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் மறைவதற்கு முன்பு எங்காவது ஒரு வரி எழுதுகிறார்கள் என்பதே இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த ஆதாயம். ஆகவே 'சாரிடம் கேள்' பகுதியை நாள்தோறும் ஒருவர் படித்தே ஆக வேண்டும். படிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பகுதியைத் திறக்காமலிருப்பது நல்லது.

வெள்ளிதோறும் தரவுத்தளத்தை ஒரு பென்டிரைவில் நகலெடுக்கிறோம். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட், தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒரு பலகையின் செய்திகளை மொத்தமாகக் கட்டி அடுத்த பலகைக்கு அனுப்பியது. அதைப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு பலகை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை. குறுவளமையக் கூட்டத்துக்கு வரும் அப்பள்ளி ஆசிரியரிடம் 'சொல் மூட்டை' செய்திகளை மட்டும் பென்டிரைவில் கொடுத்தனுப்புகிறோம், அவர்களுடையதை வாங்கிக்கொள்கிறோம். சென்ற முறை வந்த மூட்டையில் சாயப்பட்டறைச் சொற்கள் இருந்தன. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அவை புதியவை. பதில் எழுத வரிசை நின்றது.