அளவு மாதிரியில் 'ரஜூலா' கப்பல்

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல் 'ரஜூலா'. மலாயாவுக்குப் போய்த் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் இப்பெயர் இன்றும் பேச்சில் வருவதுண்டு. நெய்வேலியில் கடல் இல்லை. ஆயினும் கடலூர், நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்து வந்து நகரியத்தில் குடியேறியவர்கள் பலர். அவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்ட அக்கப்பலை அளவு மாதிரியாகச் செய்ய முனைந்தேன். அதன் செய்முறையையும், அது கற்பித்த ஒரு கணக்கையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

கப்பலின் வரலாறு

ரஜூலா 1926-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பட்டது. உரிமையாளர், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. நீளம் 477 அடி. அகலம் சுமார் 62 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடையும். ரப்பர் தோட்ட வேலைக்குச் சென்றவர்கள் தொடக்க காலத்தில் மிகுதி. 1938-இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பிறகும் வணிகர்களும், உறவினரைக் காணச் சென்றவர்களும் இக்கப்பலையே நம்பியிருந்தனர். இரண்டாம் உலகப் போரில் இது படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் இதை வாங்கி 'ரங்கத்' எனப் பெயர் மாற்றியது. 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது.

அளவைத் தேர்தல்

200-க்கு 1 என்னும் அளவைத் தேர்ந்துகொண்டேன். 477 அடி என்பது 145.4 மீட்டர், மாதிரியில் அது 72.7 செ.மீ. ஆகிறது. அகலம் ஏறக்குறைய ஒன்பதரை செ.மீ. வீட்டு மேசையில் வைக்கத்தக்க அளவு இது.

நீளம் 200-இல் ஒரு பங்கானால், பரப்பு 40,000-இல் ஒரு பங்கு. கன அளவோ 80 இலட்சத்தில் ஒரு பங்கு. கப்பலுக்குச் சொல்லப்படும் பதிவு டன் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் என்பது 100 கன அடி இடம். அவ்வாறாயின் 8,500 டன் என்பது 8,50,000 கன அடி, அதாவது சுமார் 24,000 கன மீட்டர். அதை 80 இலட்சத்தால் வகுத்தால் 3 லிட்டர் வருகிறது. ரஜூலாவின் உள்ளிடம் முழுவதும், மாதிரியில் 3 லிட்டர் தண்ணீர் கொள்ளும் இடமே.

படத்திலிருந்து அளவு எடுத்தல்

முழு வரைபடம் கிடைக்காதவர்க்கும் வழி உண்டு. கப்பலின் பக்கவாட்டில், நேராகவும் தொலைவிலிருந்தும் எடுத்த புகைப்படம் ஒன்று வேண்டும். அதில் கப்பலின் நீளம் 15.9 செ.மீ. இருந்தால், 1 செ.மீ. 30 அடிக்குச் சமம். இனிப் புகைபோக்கி, பாய்மரம், உயிர்காப்புப் படகு ஆகியவற்றை அளவுகோலால் அளந்து 30-ஆல் பெருக்கலாம். சாய்வாக எடுத்த படம் இதற்கு உதவாது. இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1926-இலேயே கட்டப்பட்ட 'ரோனா' என்னும் கப்பல் ரஜூலாவைப் பெரிதும் ஒத்தது. ஆனால் வேறொரு கட்டுமிடத்தில் உருவானது. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டால் அது மூழ்கியது. அதில் 1,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். ஆகவே படத்திலுள்ள கப்பல் எது என்பதைச் சரிபார்த்த பின்பே அளவெடுக்க வேண்டும்.

செய்முறை

உடற்பகுதிக்கு மாம்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்தபின் அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவு கொடுத்தேன். பலகைகள் ஒட்டிய கோடுகளே நீர்மட்டக் கோடுகளாக உதவும். இரு பக்கமும் சமமாகத் தேய்கிறதா என்று அவற்றைக் கொண்டு பார்க்கலாம். மேற்கட்டுமானத்துக்குத் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பயன்படுத்தும் நெட்டி ஏற்றது. பாய்மரத்துக்கு மூங்கில் குச்சி, கயிறுகளுக்குத் தையல் நூல். புகைபோக்கி கறுப்பு; அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அதுவே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அடையாளம்.

கப்பலின் நடுப்பகுதியைக் கொதிகலன்களும் இயந்திரங்களும் பிடித்துக்கொண்டன. நெய்வேலி அனல் மின் நிலையத்தில் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. ரஜூலாவிலோ அது பிஸ்டன்களைத் தள்ளியது. ஒரு சிறிய உருளையில் வேலை செய்த நீராவி, அதைவிடப் பெரிய இரண்டாவது உருளைக்கும், பின்பு இன்னும் பெரிய உருளைக்கும் சென்று மும்முறை விரியும். இத்தகைய இயந்திரங்கள் இரண்டு, இரு சுழலிகளை இயக்கின.

பாய்க் கணக்கு

மாதிரி முடிவுறும் நிலையில், தளத்தை வெறுமையாக விடுவதா என்ற கேள்வி எழுந்தது. ரஜூலாவில் கேபின் பயணிகள் சிலரே. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். தொடக்க காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது.

ஒருவர் படுக்க 6 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள பாய் வேண்டும் என்று கொள்வோம். அது 12 சதுர அடி. 5,000 பேருக்கு 60,000 சதுர அடி. கப்பலின் நீளத்தை அகலத்தால் பெருக்கினாலோ 30,000 சதுர அடிகூட வரவில்லை! முனை கூர்ந்து போவதையும், இயந்திர அறை, சரக்குக் கிடங்கின் வாய், படகுகள் ஆகியவற்றையும் கழித்தால் எஞ்சுவது இன்னும் குறைவு. ஆகவே மேல்தளம் முழுவதும் போதாது. மக்கள் கீழ்த்தளங்களிலும் அடுக்கடுக்காகப் படுத்திருக்க வேண்டும்.

மாதிரியில் ஒரு பாய் 9 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். அரிசி மணியைவிடச் சற்றே பெரிது. காகிதத்தில் அவ்வாறு வெட்டி, 10 செ.மீ. நீளத்துக்கு மட்டும் பரப்பினேன். ஒரு வரிசைக்கு 31 வீதம் 11 வரிசைகள். மொத்தம் 341 பாய்கள். நடக்க ஒரு விரற்கடை வழியும் இல்லை. பெட்டி வைக்க, சமைத்ததை உண்ண, குழந்தையைத் தாலாட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பாயே இடம். வெறும் தளத்தோடு மாதிரியை முடித்திருந்தால் அளவுகள் யாவும் சரியாயிருக்கும். அதில் போனவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். எனவே பாய்களை ஒட்டியே வைத்துவிட்டேன்.

முடிவுரை

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் இவ்வழியில் ஓடி, 1980-களில் அதுவும் நின்றது. இரண்டும் இன்றில்லை. 1960-களில் ரஜூலாவில் சிறுபிள்ளைகளாகப் பயணம் செய்தவர்கள்கூட இப்போது முதியவர்கள். கப்பலின் நீள அகலங்களை எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். எந்தத் தளத்தில் படுத்தார்கள், எதை உண்டார்கள், பெட்டியில் எதைக் கொண்டுபோனார்கள் என்பவற்றை அவர்களிடம்தான் கேட்க முடியும். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ அத்தகையவர் இருப்பின் உடனே கேட்டு எழுதி வையுங்கள். பழைய பயணச்சீட்டோ கடவுச்சீட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வரலாறு, கணிதம், இயற்பியல் துறை மாணவர்கள் ஒன்றுகூடினால், கீழ்த்தளங்களையும் திறந்து காட்டும் இதைவிடப் பெரிய மாதிரி ஒன்றை நம் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கலாம்.