பச்சை மூடிக்கு எழுதிய மொய்

கார் டயருக்கு நைட்ரஜன் நல்லதா, சாதாரணக் காற்றே போதுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த ஒரு பேச்சை நம்பியதற்கு நாங்கள் எழுதிய மொய், இரண்டு புது டயர்.

நைட்ரஜன் போட்டது தாம்பரம் பக்கம் ஒரு டயர் கடையில். கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான், என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. ஆனாலும் கடைக்காரர் விளக்கம் சொன்னதெல்லாம் அவருக்குத்தான். பல வீடுகளில் டயர் கடைப் பேச்சு இப்படித்தான் நடக்கும். "டயர் சூடாகாது சார், மைலேஜ் ஏறும், மாசக்கணக்கா செக் பண்ண வேண்டாம். ஒண்ணு மட்டும், பங்க்ல காத்து பிடிச்சிடாதீங்க. கலந்தா டயர் போயிடும்." நான்கு வால்வுக்கும் பச்சை மூடி மாட்டினார். ஊருக்கு வந்த என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஃப்ளைட்லயே இதுதாங்க்கா போடுறான்" என்று சான்றிதழும் கொடுத்தான்.

மே மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். மதுரையில் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்பும்போது பின்பக்க இடது டயர் அமுங்கித் தெரிந்தது. பைபாஸில் ஒரு பங்க்கில் நிறுத்தினோம். காற்றுப் பிடிக்கும் பையன் அளந்து பார்த்து, "24தான்மா இருக்கு, ஏத்தட்டுமா?" என்றான். இருக்க வேண்டியது 32 பிஎஸ்ஐ. நான் சரி என்று சொல்வதற்குள் இவர் குறுக்கே வந்து, "வேண்டாம் வேண்டாம், அது நைட்ரஜன். திருநெல்வேலில போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய சீர் சாமான். சாத்தூர் தாண்டியதும் வண்டி இழுக்க ஆரம்பித்தது. கோவில்பட்டி வருவதற்குள் டயர் தரையோடு படுத்துவிட்டது.

அங்கே பஞ்சர் கடை அண்ணாச்சி டயரைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். உள்ளே கறுப்பு மாவு மாதிரி ரப்பர் தூள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்பக்கம் அரைபட்டுப் போயிருந்தது. காரணம் ஒரு சின்ன ஆணி. ஆணி ஓட்டையை அடைத்துவிடலாம், பக்கச்சுவர் போனால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மதுரையில் இலவசக் காற்றை ஏற்றியிருந்தால், ஒரு ராத்திரியில் எட்டு பிஎஸ்ஐ இறங்கிய டயர் இரண்டரை மணி நேர ஓட்டத்தைச் சமாளித்திருக்கும். இவர் விடாமல் நைட்ரஜன் கதையைச் சொல்ல, அண்ணாச்சி ஒரே வரியில் முடித்தார்: "எந்தக் காத்தா இருந்தா என்ன சார், உள்ள இருக்கணும்லா?" ஜோடி டயர் பாதி தேய்ந்திருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினோம். தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கடையில் டயரின் பழைய காற்றை ஒருமுறை இறக்கிவிட்டு நைட்ரஜன் ஏற்றுகிறார்கள். முழுக்க இறக்கினாலும் வெளிக்காற்றின் அழுத்த அளவுக்கு உள்ளே பழைய காற்று தங்கத்தான் செய்யும். ஆகவே மெஷின் கலப்பில்லாத நைட்ரஜனே கொடுத்தாலும், 32 பிஎஸ்ஐ டயருக்குள் சேர்வது சுமார் 93 சதவீதம். அன்றைக்கு அந்த 24க்கு மேல் பங்க் காற்றை 32 வரை ஏற்றியிருந்தால் அது 90க்கு இறங்கியிருக்கும். அவ்வளவுதான் கலப்படம்! இதற்குப் போய் டயர் வீணாகுமாம்.

தம்பியின் விமானத்துக்கு வருகிறேன். விமான டயருக்கு நைட்ரஜன் போடுவது உண்மை, காரணம் வேறு. தரையிறங்கும்போது பிரேக் பயங்கரமாகக் கொதிக்கும், அந்தச் சூட்டில் டயருக்குள் ஆக்சிஜன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் சூடேறி, நைட்ரஜனுக்குப் பதிலாகக் காற்று அடைத்திருந்த டயர் பறக்கும்போதே வெடித்ததுதான் காரணம். மேலே போனால் உறையும் குளிர் வேறு, ஈரப்பதம் இருக்கவே கூடாது. கல்யாணத்துக்குப் போகிற காருக்கு இந்தத் தேவை எதற்கு? வெயிலில் அழுத்தம் ஏறுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்து டிகிரி சூடு கூடினால் இரண்டுக்கும் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மைலேஜ் தருவது சரியான அழுத்தம், எந்த வாயு என்பதில் அது இல்லை.

நைட்ரஜனுக்கு லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர் வழியாக அது ஆக்சிஜனைவிட மெதுவாகத்தான் கசியும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 ரக டயர்களில் இரண்டையும் அடைத்து ஒரு வருஷம் வெளியே வைத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டது. காற்று சராசரி 3.5 பிஎஸ்ஐ இறங்கியது, நைட்ரஜன் 2.2. வித்தியாசம் வருஷத்துக்கு 1.3. அந்த 1.3க்காகத்தான் "மாசக்கணக்கா செக் பண்ண வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆணிக்கு வாயு வித்தியாசம் தெரியுமா?

மற்றதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அளவைப் பிடியுங்கள், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள், சில நூறு ரூபாய்தான். வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் ஓட்டுகிறவர் கையில் அது இருக்கட்டும்.

கடைக்காரர் இப்போதும் பச்சை மூடி மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இலவசமாகப் போட்டால் போட்டுக்கொள்ளுங்கள். காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பங்க்கில் மாதம் இருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயருக்கும் காற்றுப் பாருங்கள்.