மருமகனுக்கு ஓர் அம்புக் கணக்கு

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். 400 கிரெயின் அம்பா, 600 கிரெயின் அம்பா என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். உனக்கு எது சரி என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவாரத்துக்கு மேற்கே மலையேறினால் கடமானும் உண்டு, காட்டுப்பன்றியும் உண்டு. வில்லோடு போகத்தான் வழியில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கடலைக்காட்டைப் பன்றி உழுதுபோட்டாலும் நாம் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம்தான். உன் குறி காகித வட்டம். ஆனாலும் அவர்கள் சண்டையில் நாம் கற்க விஷயம் இருக்கிறது.

ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெயின். 400 கிரெயின் என்றால் 26 கிராம். 600 என்றால் 39. ஒரே காம்பவுண்ட் வில்லில் லேசான அம்பு நொடிக்கு 82 மீட்டர் பாய்ந்தால், கனமானது 68 மீட்டர் அளவில் பாயும். இரண்டுக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே. எடையை வேகத்தால் பெருக்கிப் பார்: கனமான அம்புக்கு உந்தம் கால் பங்கு கூடுதல். எலும்பில் பட்டாலும் நிற்காமல் உள்ளே இறங்குவது அந்த உந்தத்தால்தான். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, அம்பு கூடுதலாகத் தாழ்வது. 30 மீட்டர் போவதற்குள் லேசான அம்பு 65 சென்டிமீட்டர் இறங்கும், கனமானது 95. தூரத்தைக் கண்மதிப்பில் எடுப்பவன் அங்கேதான் தவறுவான்.

வன்பரணர் புறநானூற்றில் பாடிய கொல்லிமலை வல்வில் ஓரியின் கதை உனக்குத் தெரியும்: யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு, எல்லாம் ஒரே அம்பில். அந்த அம்பு எத்தனை கிரெயின் என்று புலவர் சொல்லாமல் போனதுதான் எனக்குக் குறை.

உன் கையில் இருப்பது 24 பவுண்டு இழுவிசையுள்ள ரீகர்வ் வில். அதற்கு 600 கிரெயின் பேச்சே வேண்டாம். அம்பு வளைந்து விழும், 30 மீட்டருக்கே மேலே தூக்கிப் பிடிக்க வேண்டிவரும். ரொம்ப லேசாகவும் போகாதே. அம்பு எடுக்காத ஆற்றல் வில்லின் கைகளிலேயே அதிர்வாக நின்றுவிடும். வெறும் நாணை இழுத்து விட்டால் வில் விரிசல் விடுவதும் இதனால்தான். காம்பவுண்டுக்கு வழக்கமான கீழெல்லை பவுண்டுக்கு 5 கிரெயின். ரீகர்வுக்கு நான் 8, 9-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

எடைக்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்டின் விறைப்பு. ஸ்பைன் என்பார்கள். விட்ட நொடியில் அம்பு மீன்போல் நெளிந்து வில்லைத் தாண்டும். அந்த நெளிவு உன் வில்லுக்கு ஒத்துவராவிட்டால் எந்த எடையும் காப்பாற்றாது. முனையைக் கனமாக்கினால் அதே தண்டு இன்னும் தளர்வாக நடக்கும். அதனால் 100 கிரெயின் முனையைக் கழற்றி 125 மாட்டுவது சின்ன மாற்றம் இல்லை. சமநிலையையும் பார். 28 அங்குல அம்பை விரலில் நிறுத்து. நாண் பூட்டும் பிளவிலிருந்து 17 அங்குலத்தில் நின்றால், நடுப்புள்ளி 14-ஐத் தாண்டி 3 அங்குலம். நீளத்தில் அது சுமார் 11 சதவீதம். நல்ல அளவு.

நான் அழுத்திச் சொல்வது இதுதான்: எடை எவ்வளவு என்பதைவிட, ஆறு அம்பும் ஒரே எடையா என்று பார். போடியில் நகைக்கடைத் தராசில் நிறுத்துத் தரச் சொல். ஒன்றுக்கொன்று கால் கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அம்பைத் தனியே வை. அதை விட்டுவிட்டு உன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதே.

காற்று இன்னொரு சங்கதி. ஆனி, ஆடியில் கணவாய் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று, லேசான தடித்த அம்பை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஒலிம்பிக்கில் 70 மீட்டருக்கு எய்பவர்கள் மெல்லிய கார்பன் தண்டும் கனத்த முனையுமாகப் போவது அதற்காகத்தான். அரங்கத்துக்குள் 18 மீட்டர் என்றால் அவர்களில் பலர் தடித்த அம்புக்கு மாறிக்கொள்வார்கள். கோட்டைத் தொட்டாலும் கூடுதல் புள்ளி கிடைக்குமே.

புது அம்பு வாங்கினால் ஆடிக் காற்றில் சோதிக்காதே. காற்று அடங்கிய விடியலில், 18 மீட்டரில் ஆரம்பி.

அன்புடன்,
மாமா