பண்டா தீவுகள்: சிலர் இட்ட கையெழுத்து, ஊரே கொடுத்த விலை



பிரியாணி மசாலாவுக்கு நம் வீட்டில் அரைக்கும் பொருள்களில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் உண்டு. இரண்டும் ஒரே பழத்திலிருந்து கிடைப்பவை. உள்ளே இருக்கும் கொட்டை ஜாதிக்காய். அதை வலைபோல் சுற்றியிருக்கும் சிவந்த தோல் ஜாதிபத்திரி. இன்று கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும்கூட இவை விளைகின்றன. ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்துக்கே ஜாதிக்காய் கொடுத்தது ஒரு சின்னஞ்சிறு தீவுக் கூட்டம்தான். அதன் பெயர் பண்டா. அங்கே வாழ்ந்தவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுக்கு நேர்ந்ததை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும்.

அரசன் இல்லாத ஊர்கள்

இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில் இருக்கின்றன இத்தீவுகள். லோந்தோர், நெய்ரா, ஆய், ருன் ஆகியவை அவற்றில் சில. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சுமார் 15,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுக்கு அரசன் கிடையாது. ‘ஒராங் காயா’ எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வணிகர்கள் வழியாக 15ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் அங்கு வந்து சேர்ந்தது.

பண்டா மக்கள் விவரம் அறியாத காட்டுவாசிகள் அல்லர். சொந்தக் கப்பலில் மலாக்கா வரை சென்று வியாபாரம் செய்தவர்கள். ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், அரபியர், குஜராத்தியர் என யார் வந்தாலும் விற்றார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே குறை உணவு. தீவில் நெல் விளையாது. அரிசி ஜாவாவிலிருந்தும் சவ்வரிசி மாவு அண்டைத் தீவுகளிலிருந்தும் வரவேண்டும். உடுக்கும் துணியோ குஜராத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் போனது. நம் நெசவாளர் நெய்த துணிக்குத்தான் அங்கே ஜாதிக்காய் கைமாறியது.

1602ஆம் ஆண்டு ஒப்பந்தம்

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். மறு ஆண்டே பண்டாவுக்கும் வந்தனர். ஆனால் அங்கே அவர்களால் வேரூன்ற முடியவில்லை. 1599இல் டச்சுக்காரர் வந்தனர். 1602இல் அவர்களுடைய கிழக்கிந்திய கம்பெனி உருவானது. அதே ஆண்டு ஒராங் காயாக்களில் சிலரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஜாதிக்காய் முழுவதையும் டச்சுக்காரருக்கே விற்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று கோளாறுகள் இருந்தன. முதலாவது, எல்லாப் பெரியவர்களும் கையெழுத்திடவில்லை. இரண்டாவது, கையெழுத்திட்டவர்களுக்கும் அது தம்மை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பது விளங்கவில்லை. மூன்றாவது, டச்சுக்காரர் கொண்டுவந்த கம்பளித் துணி வெப்பமான அந்த ஊருக்கு உதவாது. தேவையான அரிசியை அவர்கள் போதிய அளவு கொண்டுவரவில்லை. கொடுத்த விலையும் குறைவு.

ஆகவே பண்டா மக்கள் அரிசியோடு வந்த ஜாவானியருக்கும், கூடுதல் விலை தந்த ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றார்கள். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. கம்பெனிக்கு அது ஒப்பந்த மீறல்.

1609இல் ஒரு டச்சுத் தளபதி பெரும் கப்பற்படையோடு வந்து நெய்ராவில் கோட்டை கட்டத் தொடங்கினார். பண்டா மக்கள் அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, பதுங்கியிருந்து தாக்கிக் கொன்றார்கள். இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. அந்தக் கப்பற்படையில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் யான் பீட்டர்சூன் கூன்.

1621

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கூன் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். அவருடன் சுமார் 2,000 பேர் வந்தனர். ஜப்பானியக் கூலிப்படையினரும் அதில் உண்டு. லோந்தோர் தீவு வீழ்ந்தது. பிடிபட்ட ஒராங் காயாக்கள் உள்ளிட்ட 44 பேர், 1621 மே 8ஆம் தேதி நாசோ கோட்டையருகே கூலிப்படையினரின் வாளுக்கு இரையானார்கள். மலைமேல் ஓடியவர்கள் பசியிலும் நோயிலும் மடிந்தனர். நூற்றுக்கணக்கானோர் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, நாடு கடத்தப்பட்டனர். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவே.

படகில் தப்பியவர்கள் கேய் தீவுகளில் குடியேறினர். அவர்களின் சந்ததியார் அங்கே பண்டா மொழியை இன்றும் பேசுகிறார்கள். அந்த மொழி பிறந்த தீவுகளிலோ அது இன்று இல்லை.

காலியான நிலத்தைக் கம்பெனி தோட்டங்களாகப் பிரித்து டச்சுக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தது. மரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமே! அதற்கு, பிடித்துச் சென்ற பண்டா மக்களில் சிலரையே திரும்பக் கொண்டுவந்தது. அதே 1620களில் டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டுப் பக்கமிருந்து நம் கரை மக்களையும் அடிமைகளாகப் பட்டாவியாவுக்கு ஏற்றிச் சென்றன.

1667இல் பிரேடா என்னும் ஊரில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சமாதானம் செய்துகொண்டனர். ருன் தீவு டச்சுக்காரருக்கு, இன்று நியூயார்க்கின் நடுப்பகுதியான மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்று முடிவானது. அந்த இரண்டு தீவுகளின் பூர்வகுடிகளையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நமக்கான படிப்பினை

கொன்றவர் மீதே குற்றம். கொல்லப்பட்டவர் மீது அல்ல. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அநீதி எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று பார்ப்பது நம் கடமை. அது ஒரு காகிதத்தின் வழியாக நுழைந்தது. எல்லோரும் கூடிப் பேசாமல், முழுப் பொருளும் விளங்காமல், சிலர் மட்டும் கையெழுத்திட்ட காகிதம் அது. பீரங்கி அதற்குப் பின்னால்தான் வந்தது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. பொறுப்பை ஏற்பவரே வாசகத்தைச் சொல்ல, எழுத்தர் எழுத, சாட்சிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பத்திரங்களில் பெரும்பாலானவை கையெழுத்துப் போட்ட பிறகே வருகின்றன. வளைகுடா வேலைக்குப் போன ஒரு தம்பி, தான் ஒப்புக்கொண்ட சம்பளம் எவ்வளவு என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டார். ஒரு சகோதரி வீட்டு அடமானப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தை, ஜப்தி நோட்டீஸ் வந்த பிறகுதான் படித்தார். இருவரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: “நேற்றே கொண்டுவந்திருக்கக் கூடாதா?”

கடன் பத்திரமோ, வேலை ஒப்பந்தமோ, பங்குதாரர் பத்திரமோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச:

1. பண்டா மக்களுக்கு உணவு வெளியிலிருந்து வந்தது. ஒரே ஒரு வியாபாரியை நம்ப வேண்டிய நிலை வந்தால் என்ன ஆகும்?

2. ஊர் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் சிலர் மட்டும் கையெழுத்திடலாமா?

3. நம் வீட்டில் யாரும் படிக்காமல் கையெழுத்திட்ட பத்திரம் ஏதாவது இருக்கிறதா? இன்றே எடுத்துப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.