எடிட்டர் நின்றால் சுவிட்சை அணைக்காதீர்!



புராஜெக்ட் ஒப்படைக்க ஒரே நாள் பாக்கி. லினக்ஸ் லேபில் விம் எடிட்டரில் நாலு மணி நேரமாக புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட சேவ் செய்யவில்லை. திடீரென ஞாபகம் வந்து, பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. "ஹேங் ஆயிடுச்சுடா, ஆஃப் பண்ணு" என்றான் பக்கத்து சீட் நண்பன். பண்ணினேன். மறுபடி திறந்தபோது ஏதோ எச்சரிக்கை வந்தது. பயத்தில் 'டி' தட்டினேன். அவ்வளவுதான், எல்லாம் போச்சு! விடிய விடிய மறுபடி அடித்தேன்.

நான் செய்த தவறுகள் இரண்டு. அவற்றைப் பார்ப்போம்.

நின்றது ஏன்?

டெலிடைப் காலத்தில் எதிர்முனை இயந்திரத்துக்கு 'நிறுத்து' என்று சொல்ல ஆஸ்கி 19, 'அனுப்பு' என்று சொல்ல 17. அவைதான் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-கியூ. லினக்ஸ் டெர்மினல் இந்த வழக்கத்தை இன்னும் விடவில்லை. ஆக, எடிட்டர் சாகவில்லை. திரைக்கு எழுதுவதுதான் நின்றிருக்கிறது. விம்மின் புதிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டுவிட்டது. பழைய பதிப்பு உள்ள லேபில் மாட்டிக்கொள்வோம்.

என்ன செய்யலாம்?

1. முதலில் கன்ட்ரோல்-கியூ அழுத்துங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

2. எடிட்டரே மறைந்து ஷெல் வந்துவிட்டதா? கன்ட்ரோல்-இசட் பட்டிருக்கும். 'எஃப்ஜி' என்று அடித்தால் திரும்பி வரும்.

3. மிக நீளமான வரிகள் கொண்ட ஃபைலைத் திறந்ததும் திணறுகிறதா? கன்ட்ரோல்-சி அழுத்தி, சிண்டாக்ஸ் வண்ணத்தை அணையுங்கள்.

4. எதற்கும் அசையாவிட்டால், வேறு டெர்மினலிலிருந்து சாதாரண 'கில்' கொடுங்கள். விம் தன் வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேற முயலும். 'மைனஸ் 9' போட்டால் அந்த அவகாசம் கிடைக்காது.

போனதை மீட்பது எப்படி?

விம் 200 எழுத்துக்கு ஒருமுறை, அல்லது நாம் 4 விநாடி சும்மா இருந்தால், அடித்ததை ஸ்வாப் ஃபைலில் எழுதிவைக்கிறது. கரண்ட் போனாலும் பெரும்பகுதி அதில் இருக்கும். நான் பார்த்த எச்சரிக்கை அதைப் பற்றியதுதான். 'ஆர்' அழுத்தினால் ரெகவர். 'டி' அழுத்தினால் டெலிட்! மீட்டதை வேறு பெயரில் சேவ் செய்து, சரிபார்த்த பிறகே ஸ்வாப் ஃபைலை அழியுங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை திரை நின்றால், கை சுவிட்சுக்குப் போகும் முன் கன்ட்ரோல்-கியூவுக்குப் போகட்டும். என் நாலு மணி நேரம் உங்களுக்காவது பயன்படட்டும்!