முத்துக்குளிப்பும் தோல் வாணிகமும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

வட அமெரிக்காவின் வரலாற்றைப் படிக்கும் நம்மில் பலருக்கு, அங்கு நடந்த விலங்குத் தோல் வாணிகம் பனிநாட்டுக் கதையாகவே தோன்றும். பொருநை பாயும் நெல்லைச் சீமைக்கும் பீவர் என்னும் கொறி விலங்கின் தோலுக்கும் என்ன தொடர்பு என்று நானும் எண்ணியதுண்டு. பாடத்தைத் தொடர்ந்து படித்தபோது, அதே காலத்தில் இதே வகையான வாணிகம் ஒன்று தாமிரபரணி கடலில் கலக்கும் கரையிலும் நடந்திருப்பது புலனாயிற்று. அங்கே தோல், இங்கே முத்து. சரக்கு வேறாயினும் கணக்கு எழுதியவர் ஒருவகையினரே. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலும் தொப்பியும்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செல்வர்கள் உயர்ந்த கம்பளத் தொப்பி அணிவது நாகரிகமாயிற்று. பீவரின் அடிமயிர் அதற்கு மிகச் சிறந்த மூலப்பொருள். ஐரோப்பாவில் அவ்விலங்கு அருகிப் போகவே, வணிகர்கள் வட அமெரிக்காவை நாடினர். 1670-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். அவ்விரிகுடாவில் விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதற்கும் அக்கம்பெனியே உரிமையுடையது என்று அப்பட்டயம் கூறிற்று. அந்நிலத்தில் வாழ்ந்த கிரீ, அசினிபோயின் முதலிய மக்களை யாரும் கேட்கவில்லை.

ஆயினும் கம்பெனியார் சுமார் நூறாண்டுக் காலம் கடற்கரைக் கோட்டைகளைவிட்டுப் பெரிதும் நகரவில்லை. விலங்கைப் பிடித்தவர், தோலைப் பதப்படுத்தியவர், மரப்பட்டை ஓடங்களில் நெடுந்தொலைவு சுமந்து வந்தவர் எல்லாரும் பழங்குடி மக்களே. பனிச் செருப்புப் பின்னுவதும் உலர்ந்த இறைச்சியைக் கொழுப்போடு சேர்த்து வழியுணவு ஆக்குவதும் பெண்களின் கைவேலை. அவ்வுணவும் செருப்பும் இல்லாமல் எந்த வணிகனும் உள்நாட்டில் ஒரு குளிர்காலத்தைக் கடந்திருக்க முடியாது.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை

இனி நம் கரைக்கு வருவோம். பாண்டியரின் கொற்கைத் துறை முத்துக்குப் பெயர் பெற்றது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், அங்குக் குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிப்பிடுகிறது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிவிட, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. பின்னர்க் காயல் தழைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைப் புகழ்ந்தார். அதன்பின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் முன்னுக்கு வந்தன.

போர்த்துகீசியர் வந்த காலத்தில், முத்துக்குளிப்பு உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் கடும் பூசல் இருந்தது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை வேண்டினர். 1530-களில் அச்சமூகத்தார் பெருந்தொகையாகக் கத்தோலிக்கம் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர் வசம் நிலைபெற்றது. கொடி மூன்று முறை மாறியபோதும் கடலில் மூழ்கியவர் மாறவில்லை. பரதவரும், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களுமே மூழ்கினர்.

கல்லும் தோலும் நாணயமான கதை

ஹட்சன் விரிகுடாவில் நாணயம் புழங்கவில்லை. குளிர்காலத்தில் எடுத்த நல்ல பீவர்த் தோல் ஒன்றே கணக்கின் அலகு. துப்பாக்கிக்கு இத்தனை தோல், போர்வைக்கு இத்தனை தோல், செப்புப் பானைக்கு இத்தனை தோல் என்று கம்பெனி விலை வைத்தது.

நம் கரையில் அலகு 'கல்'. குளிப்பவர் காலில் கோத்துக்கொண்டு கடலடிக்கு இறங்கும் கல் அது. ஒரு கல்லுக்கு இருவர் மாறிமாறி மூழ்குவர்; தோணியில் நிற்கும் மண்டக்கு கயிற்றைப் பிடித்திருந்து இழுத்துக் கொள்வார். டச்சுக்காரர் காலத்தில் வரியே கல்லைக் கொண்டு கணக்கிடப்பட்டது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவரின் பட்டங்கட்டிகளுக்கும் இலவசக் கற்கள் உண்டு. ஆக, ஒரு மனிதனின் மூச்சே இங்கு வரிவிதிப்பின் அலகாக இருந்தது எனலாம்.

சுமார் ஒரு நிமிடம் மூச்சடக்கிக் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் திரட்டி மேலே வருவதே ஒரு மூழ்கல். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' கரையில் மந்திரம் ஓதுவார். கரை சேர்ந்த சிப்பி அழுகிய பின்னரே கழுவி முத்தெடுப்பர். பிற்கால ஆங்கில ஆட்சியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிப்பவருக்கு என்று பிரிக்கப்பட்டது. தம் பங்குச் சிப்பியைத் திறந்து பார்க்கும் வசதி குளிப்பவரில் பலருக்கு இல்லை. திறவாமலே விற்றுக் கூலியாக்கிக்கொண்டனர். உள்ளே முத்திருந்தால் அது வாங்கியவரின் நற்பேறு.

சரிவு

இரு வாணிகங்களும் சரிந்த முறையிலும் ஒற்றுமை உண்டு. 1830, 1840-களில் பட்டுத் தொப்பி நாகரிகமாகவே பீவர்த் தோலின் மதிப்பு விழுந்தது. அதற்குள் பல வட்டாரங்களில் பீவரே அற்றுப்போயிருந்தது. 1781-82-இல் பரவிய அம்மை நோய் பழங்குடிச் சிற்றூர்கள் பலவற்றை வெறுமையாக்கியிருந்தது. 1870-இல் கம்பெனி தன் நிலவுரிமையை 3 லட்சம் பவுனுக்குக் கனடாவுக்கு விட்டுக்கொடுத்தது. அப்போதும் நிலத்தில் வாழ்ந்தவரைக் கேட்கவில்லை.

மன்னார் வளைகுடாவிலோ முத்துப் பார்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்ப்பதும் திடீரெனச் செழிப்பதும் வழக்கம். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் வெற்றி கண்ட வளர்ப்பு முத்து, 1920-களில் உலகச் சந்தையில் நிறைந்தபோது கடல் முத்தின் விலை சரிந்தது. 1955-இல் மீண்டும் தொடங்கிய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. 1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். மூச்சடக்கும் திறமைக்கு அதில் இடமில்லை.

வேற்றுமைகள்

ஒற்றுமை கண்டு மயங்குதல் கூடாது. அமெரிக்கப் பழங்குடியினர் வாணிகத்தின் பின்னே தம் நிலத்தையே பெரிதும் இழந்தனர். பரதவர் ஊர்களை இழக்கவில்லை. சாதித் தலைவன், பட்டங்கட்டி என்ற அமைப்பைக் கொண்டு ஆட்சியாளர் மூவரிடமும் பேரம் பேசினர். டச்சுக்காரர் வற்புறுத்தியும் கத்தோலிக்கத்தைவிட்டு மாறவில்லை. கிரீ மக்களும் வெறும் ஏமாளிகள் அல்லர். மட்டமான துப்பாக்கியையும் போர்வையையும் மறுத்து, பிரெஞ்சு வணிகரிடம் போவோம் என்று சொல்லி நல்ல சரக்கைப் பெற்றனர். ஆர்தர் ரே 1974-இல் வெளியிட்ட நூலில், கம்பெனியின் கணக்கேடுகளைக் கொண்டே பழங்குடியினர் இவ்வாணிகத்தில் ஆற்றிய பங்கை விளக்கினார். இரு கரையிலும் மக்கள் தேர்ந்து நடந்தனர். ஆனால் தேர்வதற்கு இருந்த வழிகளைக் குறுக்கியவர் பிறர்.

முடிவுரை

நம் பாடக்குறிப்புகளில் போர்த்துகீசியர் வந்தார், டச்சுக்காரர் வந்தார் என்று படிக்கிறோம். கல்லைக் காலில் கோத்தவர் அவற்றில் வருவதில்லை. கணக்கேட்டை எழுதியவன் கையிலேயே வரலாறும் தங்கிவிட்டது. அதனை மாற்ற நமக்கு ஒரு வாய்ப்பு இன்னும் இருக்கிறது. 1961-இல் இருபது வயது இளைஞராகக் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். பாரின் அடையாளம், நீரோட்டத்தின் பெயர், கயிற்றை அசைத்துச் சொல்லும் குறிப்பு ஆகியவை அவர் நினைவில் இருக்கும். எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கமாட்டா. புன்னைக்காயலும் காயல்பட்டினமும் தூத்துக்குடியும் பேருந்தில் போய் வரும் தொலைவில்தான் உள்ளன. விடுமுறையில் வீடு திரும்பும் கடற்கரை ஊர் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு மாலை அமர்ந்து கேட்டு எழுதினாலும், நம் வரலாற்றுத் துறையில் கம்பெனி எழுதாத ஏடு ஒன்று சேரும். பேராசிரியப் பெருமக்கள் இதனைத் துறையின் பணியாக மேற்கொள்ள வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். சில ஆண்டுகள் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.